அலுமினிய வீல் நட்: லேத்தில் கடைவது எப்படி? வாங்கும்போது பார்க்க வேண்டியது என்ன?

கார் சக்கரத்தை ஹப்போடு இறுக்கிப் பிடித்திருப்பது நான்கு அல்லது ஐந்து நட்டுகள்தான். இப்போது சிவப்பு, நீலம், கறுப்பு என்று கலர் கலராக அலுமினிய நட் ஆன்லைனில் கிடைக்கிறது. பார்க்க அழகு, எடையும் குறைவு. ஆனால் தரமில்லாத நட்டாக இருந்தால், ஓடும் வண்டியில் சக்கரமே கழன்றுவிடலாம். அதனால் இது எப்படி உருவாகிறது என்று கார் வைத்திருப்பவர்களும், லேத் பட்டறையில் தொழில் பழகும் இளைஞர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த அலுமினியம்?

எல்லா அலுமினியமும் ஒன்றல்ல. ஜன்னல் சட்டத்துக்குப் போடும் ரகம் இதற்கு ஆகாது. துத்தநாகம் கலந்த 7075-டி6 என்ற உலோகக் கலவைதான் வழக்கமாகப் பயன்படுகிறது. சாதாரண 6061-டி6 ரகத்தைவிட இதன் பலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையோ எஃகில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். போர்ஷே 911 பழைய மாடல்களில் கம்பெனியிலேயே அலுமினிய நட் போட்டு வந்தது. கம்பி வாங்கும்போது ரகத்தைக் குறிப்பிட்ட சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கண்ணால் பார்த்து ரகம் கண்டுபிடிக்க முடியாது.

லேத் வேலை, படிப்படியாக

1. மரை அளவு: மாருதி சுசுகி கார்களில் பெரும்பாலும் எம்12 × 1.25. ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் பெரும்பாலும் எம்12 × 1.5. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டால் ஸ்டட் மரை போய்விடும்.

2. வேகம்: 19 மி.மீ. அறுகோணக் கம்பியின் மூலைக்கு மூலை அளவு சுமார் 22 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு நிமிடத்துக்கு 90 மீட்டர் வெட்டு வேகம் வைத்தால், 90,000 ÷ (3.14 × 22) = சுமார் 1,300 சுற்று. செல்போன் கால்குலேட்டரே போதும்.

3. துளை: முகத்தைச் சமன் செய்து, சென்டர் டிரில் போட்டு, 1.5 பிட்சுக்கு 10.5 மி.மீ., 1.25 பிட்சுக்கு 10.8 மி.மீ. டிரில் போடுங்கள். அலுமினியம் டூல் முனையில் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. கூலன்ட் விட்டுக்கொண்டே, அடிக்கடி டிரில்லை வெளியே எடுத்துச் சீவலைத் தள்ளுங்கள்.

4. மரை: டேப்பை டெயில்ஸ்டாக் சென்டரில் தாங்கி, நேராக இறக்க வேண்டும். கோணலாக இறங்கினால் அந்த நட் கழிவுதான்.

5. கூம்பு: சக்கரத்தில் உட்காரும் முனை பல கார்களில் 60 பாகைக் கூம்பு. இது மொத்தக் கோணம். எனவே காம்பவுண்ட் ஸ்லைடை 30 பாகையில் வைக்க வேண்டும். 60-இல் வைத்தால் கூம்பு 120 பாகையாகிவிடும்! புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

முக்கியமானது: துளை, மரை, கூம்பு மூன்றையும் ஒரே பிடியில், சக்கிலிருந்து கழற்றாமல் முடிக்க வேண்டும். கழற்றி மாட்டினால் மையம் விலகும். நட் ஒரு பக்கமாக உட்காரும். கடைசியில்தான் வெட்டி எடுத்து, திருப்பி மாட்டித் தலைப்பக்கத்தைச் சீர்செய்ய வேண்டும்.

லேத்தில் கையுறை வேண்டாம். சுருண்டு வரும் சீவலைக் கையால் இழுக்காதீங்க. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடாதீங்க.

சோதனை

ஒவ்வொரு நட்டையும் 'கோ–நோகோ' கேஜில் பார்க்க வேண்டும். கூம்பில் நீல மை தடவிச் சக்கரத் துளையில் வைத்துத் திருப்பினால், மை சுற்றிலும் சீராகப் பதிய வேண்டும். பழகுவதற்காகச் செய்த நட்டை ஓடும் வண்டியில் மாட்டவே கூடாது. பலச் சோதனையில் தேறிய நட்டுக்கு மட்டுமே சாலையில் இடம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு

* உங்கள் சக்கரத்துக்குக் கூம்பா, உருண்டை முனையா, தட்டை வாஷரா என்று முதலில் பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.
* நட் கையாலேயே சுழன்று இறங்க வேண்டும். 1.5 பிட்சுக்குக் குறைந்தது 8 சுற்று, 1.25 பிட்சுக்கு 10 சுற்று மரை பிடிக்க வேண்டும்.
* பஞ்சர் கடையில் இம்பாக்ட் கன் போட விடாதீங்க. அலுமினிய மரை தேய்ந்துவிடும். டார்க் ரெஞ்சில், நட் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளலாம்.
* சுமார் 100 கி.மீ. ஓடியதும், சக்கரம் ஆறிய பிறகு, மறுபடியும் இறுக்கம் பாருங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.
* கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் அரிப்பு வரும். வெள்ளைப் பொடி தெரிந்தால் நட்டை மாற்றிவிடுங்கள்.

போனிலேயே கிடைக்கும் சேவைகள்

ரகம் மாற்றி, தரமில்லாத நட்டை விற்றுவிட்டார்களா? பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். இந்த வேலையை முறையாகக் கற்க, ஐ.டி.ஐ.யில் கடைசலர் பிரிவு இரண்டு ஆண்டுப் பயிற்சி; பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். சொந்தப் பட்டறை தொடங்குபவர்கள் ஆதார் எண்ணுடன் உத்யம் இணையதளத்தில் பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் வந்தால் அது அரசுத் தளம் அல்ல, உடனே வெளியேறிவிடுங்கள்.