வரைபடத்தில் அப்பத்தாவைக் காணோம்

அன்புள்ள தம்பி,

பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வந்த உன் 'வயது வந்தோர் எழுத்தறிவு: தமிழ்நாடு' வரைபடத்தைப் பார்த்தேன். லென்ஸ் வைத்தும் பார்த்தேன். கோடு சுத்தம், எழுத்து சுத்தம், ஊர்ப் பெயர் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. மென்பொருளைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதில் நீதான் எனக்கு வாத்தியார். ஆனால் இரண்டு விஷயங்கள் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. முதலாவது தலைப்பிலேயே இருக்கிறது.

வயது வந்தோர் என்று தலைப்பு. உள்ளே தருமபுரிக்கு 68.54, கன்னியாகுமரிக்கு 91.75. இவை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பொது எழுத்தறிவு விகிதங்கள். ஏழு வயது நிரம்பிய எல்லோரும் அதில் அடக்கம். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை எப்போது வயது வந்தோர் ஆனது? வயது வந்தோர் எழுத்தறிவு என்றால் பதினைந்து வயதுக்குக் கீழே யாரையும் எண்ணுவதில்லை. இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் பதினைந்திலிருந்துதான் தொடங்குகிறது. இது உனக்குத் தெரியாத சங்கதியா என்ன? தெரிந்தும் தலைப்பை அப்படியே விட்டிருக்கிறாய் என்பதுதான் என் கோபம்.

சின்ன வித்தியாசம் என்று நினைக்காதே. ஏழிலிருந்து பதினான்கு வரை உள்ள பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்தால் விகிதம் மேலே போகிறது. பிள்ளைகள் அதிகமுள்ள மாவட்டத்தில் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே மேலே போகிறது. அதனால் நீ காட்டும் பள்ளத்தை விட உண்மையான பள்ளம் ஆழமாக இருக்கும். தருமபுரியில் பெண்களின் விகிதம் 59.80 என்று எழுதியிருக்கிறாய். அதில் பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகளைக் கழித்துவிட்டு, ஐம்பது தாண்டிய பெண்களை மட்டும் தனியாக எடுத்துப் பார். அந்த எண்ணைத்தான் வரைந்திருக்க வேண்டும்.

கிராம அளவில் வயதுவாரியாகக் கிடைக்காது என்று நீ பதில் சொல்வாய். நியாயம்தான், கிராமக் கணக்கில் வயதுப் பிரிவு இல்லை. ஆனால் மாவட்ட அளவில் கணக்கெடுப்பின் சி-8 அட்டவணை இருக்கிறதே! வயது, ஆண், பெண், கிராமம், நகரம் எல்லாம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாவட்டப் படத்தை அதிலிருந்து வரைந்துவிட்டு, கிராமப் படத்தின் தலையில் 'ஏழு வயதுக்கு மேற்பட்டோர்' என்று போட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதவே மாட்டேன்.

ஓரத்தில் ஒரு குட்டி வரைகோடு போட்டிருக்கிறாய்: 1991-இல் 62.66, 2001-இல் 73.45, 2011-இல் 80.09. அழகாக ஏறுகிறது. யார் படித்ததால் ஏறியது? அப்பத்தாக்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, பேரப்பிள்ளைகள் பள்ளியில் சேரச் சேர, ஒரு பெரியவர்கூட எழுத்துக் கூட்டிப் படிக்காமலே இந்தக் கோடு ஏறும். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் இருந்த என் சகாக்கள் சிலர் இந்தக் கோட்டைக் காட்டி மார்தட்டிக்கொள்வார்கள். அவர்களிடமும் இதையே சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். வயதுவாரியாகப் பிரிக்காத எழுத்தறிவுக் கணக்கை வைத்து யாரையும் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது.

இரண்டாவது எரிச்சல், சிவப்பு.

தருமபுரி, கிருஷ்ணகிரி, விழுப்புரம், அரியலூர் எல்லாம் சிவப்பு. சென்னை கரும்பச்சை. பார்ப்பவன் என்ன நினைப்பான்? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லாம் தருமபுரியில் இருக்கிறார்கள், சென்னையில் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பான். ஒரு பழைய கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். 2011-இல் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைக் கழித்து, 90.18 விகிதத்தைப் போட்டால், எழுத்தறியாதவர்கள் சுமார் 4 லட்சத்து 11 ஆயிரம். தருமபுரியில் மொத்த மக்களே 15,06,843தான். அதே கணக்கைப் போட்டால் சுமார் 4 லட்சத்து 21 ஆயிரம். பத்தாயிரம் பேர்தான் வித்தியாசம்! ஒன்று உன் படத்தில் உள்ளங்கை அகலச் சிவப்பு. இன்னொன்று கடுகளவு பச்சை. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரு கற்போர் மையம் வேண்டும் என்று யாராவது கேட்டால், உன் படத்தைக் காட்டியே இல்லை என்று சொல்லிவிடலாம்.

வண்ணம் நிரப்பும் வரைபடத்தின் மேல் எனக்கு இருக்கும் பகை பழையது. அது நிலத்துக்கு வண்ணம் பூசுகிறது, மனிதர்களுக்கு அல்ல. ஈரோட்டைப் பார். வடபாதி சத்தியமங்கலம் காடு. தாளவாடி, கடம்பூர் என்று ஆங்காங்கே ஊர்கள், மீதியெல்லாம் மரமும் யானையும். அத்தனையையும் ஆரஞ்சில் நிரப்பியிருக்கிறாய்.

ஈரோடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாவட்டத்தின் விகிதம் 72.58, சேலம் 72.86. திருவண்ணாமலை 74.21, இரண்டையும் விட மேல். மஞ்சள் மண்டியும் ஜவுளிச் சந்தையும் உள்ள ஈரோடு, மழையை நம்பியிருக்கும் திருவண்ணாமலைக்குக் கீழே! காசு புழங்கும் ஊரில் எழுத்தும் புழங்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு எண்களை ஒரு நாள் முழுக்க முறைத்துப் பார்க்க வேண்டும். தறியும் நூற்பாலையும் கைக்கெட்டும் தூரத்தில் கூலி கொடுத்ததால், பள்ளிக்கூடம் தோற்றுப்போன ஒரு தலைமுறை அங்கே உண்டு என்பது என் எண்ணம். கன்னியாகுமரியின் கதை வேறு. 1956 நவம்பர் 1 வரை அது நம் மாநிலத்திலேயே இல்லை. திருவிதாங்கூர்ப் பள்ளிகளும் மிஷன் பள்ளிகளும் பல தலைமுறைகளுக்கு முன்பே அங்கே வேலையைத் தொடங்கிவிட்டன. அந்தப் பச்சையைத் தருமபுரியின் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்து 'முன்னேறியது, பின்தங்கியது' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த வாசகம் உன்னுடையதாக இருக்காது, ஆசிரியர் குழு சேர்த்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் படம் வரைகிற வேலையில் இருந்தேன். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். முந்தைய வருஷம்தான் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நம்மாலும் முடியும் என்ற வெறி எல்லோருக்கும். தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துக் கொண்டுவந்த தாள்களிலிருந்து ஒன்றியவாரியாகப் படம் போடச் சொன்னார்கள். ட்ரேசிங் ஷீட், ரோட்ரிங் பேனா, காம்பஸ். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வட்டம், எழுத்தறியாத பெண்கள் எத்தனை பேரோ அந்த அளவுக்கு. அம்மோனியா பிரிண்ட் எடுத்துவிட்டு வெளியே வந்தால் அரை மணி நேரம் கண்ணில் தண்ணீர் நிற்காது.

அந்த வட்டங்களைப் பார்த்துத்தான் எந்த ஊருக்கு எத்தனை சிலேட்டு, எத்தனை அரிக்கேன் விளக்கு, எத்தனை புத்தகம் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். விகிதத்தை வைத்து ஒரு சிலேட்டுகூடக் கட்ட முடியாது தம்பி. கல்குவாரி வேலைக்குப் போகும் பெண்கள் அதிகமுள்ள ஊர்களில் வட்டம் பெரிதாக வரும். அங்கே இரவு எட்டு மணிக்கு மேல்தான் வகுப்பு. இயக்கத்தில் சேர்ந்து அந்தப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைத்தான் ஊர் பேசுகிறது. அவர்கள் ஊர் எங்கே என்று காட்டிய படத்தை யாரும் பேசுவதில்லை. சரி, அது என் சொந்தப் புகார்.

கீரனூர்ப் பக்கம் ஒரு தொண்டரோடு நானும் கணக்கெடுக்கப் போயிருந்தேன். திண்ணையில் இருந்தவர், "எங்க வீட்டுல எல்லாரும் படிச்சவங்கதான், எழுதிக்கங்க" என்றார். சம்சாரமும் படித்தவரா என்று கேட்டோம். "கையெழுத்தெல்லாம் போடுவாளே." உள்ளே அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது: "அந்த ஒண்ணைத் தவிர எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதுங்க, இல்லைன்னே எழுதுங்க!" அந்த அம்மாள் பேசியதால் கணக்கு திருந்தியது. பேசாத வீடுகள் எத்தனையோ. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் கேள்வி கேட்டுக் குறிப்பதுதான், யாரையும் படிக்கச் சொல்லிச் சோதிப்பதில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மேல்வகுப்புப் படிக்காதவர்களிடம் அட்டையைக் காட்டி ஒரு வாக்கியத்தைப் படிக்கச் சொல்கிறார்கள், நல்ல முறை. ஆனால் பெண்களில் நாற்பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்பத்தா அங்கேயும் இல்லை.

இவ்வளவு திட்டிய பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். 2011-இல் முப்பத்திரண்டு மாவட்டங்கள். இன்று முப்பத்தெட்டு. பழைய எண்ணை இன்றைய எல்லையில் போடுகிறவர்கள், விழுப்புரத்தின் எண்ணையே கள்ளக்குறிச்சிக்கும் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். நீ அப்படிச் செய்யவில்லை. பழைய திருக்கோவிலூர் தாலுகாவின் ஒரு பகுதி விழுப்புரத்திலேயே தங்கிவிட்டதால், அதைக் கிராமம் கிராமமாகப் பிரித்துக் கூட்டியிருக்கிறாய் என்று அடிக்குறிப்பில் பார்த்தேன். எழுந்து நின்றுவிட்டேன். இப்படிப்பட்ட பொறுமை சம்பளத்துக்கு வேலை செய்கிறவனிடம் இருக்காது. கிராமப் பட்டியலில் 'எழுத்தறியாதோர்' என்ற பத்தியில் கைக்குழந்தைகளும் சேர்ந்தே வரும். பெரிய ஆய்வாளர்களே அதில் சறுக்கி விழுவதுண்டு, நீ கழித்திருக்கிறாய். தருமபுரியின் சித்தேரி மலைக்குத் தனிக் கட்டம் போட்டுக் கிராமங்களைக் காட்டியது, இத்தனை வருஷத்தில் நான் பார்த்த எழுத்தறிவு வரைபடங்களிலேயே சிறந்த ஆறு அங்குலம். அதை வரைந்த கைதான் மீதி மாநிலத்துக்கு வண்ணம் கொட்டியது என்பதை நம்ப முடியவில்லை.

2027 கணக்கெடுப்பின் எண்கள் வரும்வரை இந்தப் பழைய எண்களோடுதான் நமக்குக் குடித்தனம். அதற்குள் இதை மறுபடி வரை. ஒரு புள்ளிக்கு எழுத்தறியாதவர் 500 பேர் என்று வைத்துக்கொள். சி-8 அட்டவணையில் பதினைந்துக்குக் கீழே உள்ளவர்களைத் தள்ளிவிடு. காட்டுப் பகுதியை முதலில் வெட்டி எடுத்துவிட்டுப் புள்ளி போடு, இல்லாவிட்டால் மென்பொருள் யானைக்கும் புள்ளி வைக்கும். பெண்களுக்கு ஒரு நிறம், ஆண்களுக்கு ஒரு நிறம், சிவப்பு மட்டும் வேண்டாம். சென்னையில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மசி கொட்டியதுபோல் ஆகிவிடும், அதற்கு வார்டுவாரியாகத் தனிப்படம் ஒன்று போட்டுவிடு. முடிந்ததும் ஏ-3 தாளில் அச்செடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பினால் பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
புதுக்கோட்டையிலிருந்து ஒரு பழைய படம் வரைபவன்