மஞ்சப்பையில் வரும் வழக்குகள்

கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா மனு என்று ஓடும் பிழைப்பில் நுகர்வோர் புகார் அடித்துக் கொடுப்பதும் ஒரு வேலை. நான் வக்கீல் இல்லை. ஆனால் வக்கீலிடம் போகுமுன் ஜனங்கள் வந்து நிற்பது என் மேஜை முன்னால்தான். மஞ்சப்பையைக் கவிழ்ப்பார்கள். அதிலிருந்து விழும் காகிதங்களைப் பார்த்தாலே இந்த வழக்கு நிற்குமா, படுக்குமா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அடிக்கடி விழுவது ஒரு வெற்றுத்தாள். வாங்கிய அன்று அது பில்லாக இருந்தது. கடைகளில் இப்போது தரும் வழவழப்பான தாளில் சூட்டால்தான் எழுத்து விழுகிறது; அதே சூட்டில் மறைந்தும் போகிறது. பர்சில் வைத்தால் சில மாதம்கூடத் தாங்காது. வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டுவிட வேண்டும்.

இதைவிட மோசம் 'எஸ்டிமேட்'. "பில் போட்டா ஜிஎஸ்டி ஏறிடும்ணே, எஸ்டிமேட்லயே முடிச்சுக்கலாம்" என்று கடைக்காரர் சொல்ல, நம்மாளும் ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சம் என்று தலையாட்டியிருப்பார். அந்தச் சீட்டில் கடையின் பெயர்கூட இருக்காது. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். ஆனால் அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்று காட்டும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. ஜிபேயில் பணம் போன பதிவோ, வாரண்டி கார்டில் கடை முத்திரையோ இருந்தால் பிழைத்தது. ரொக்கமாகக் கொடுத்தவர்களை அனுப்பிவைக்கும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைப் பார்த்துப் பயந்து வருபவர்கள் தனி ரகம். பொருளில் குறை இருந்தால் அந்த வரிக்கு மதிப்பில்லை. பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். ஆனால் குறை இருக்க வேண்டும். மருமகளுக்குப் புடவை பார்டர் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறையில் சேராது. அங்கே கடைக்காரர் மனசு வைத்தால் உண்டு.

நல்ல பில், முத்திரை போட்ட வாரண்டி கார்டு எல்லாம் இருந்தும் சரிகிற வழக்குகள் உண்டு. பெரும்பாலும் ஓடிபியால். ஒரு ஃபிரிட்ஜ் கேஸ். மெக்கானிக் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். ஸ்டெபிலைசரைத் தட்டுவார், பின்னால் இருக்கும் தூசியைத் துடைப்பார், "இப்ப கூலிங் ஏறும் பாருங்கக்கா" என்பார். கிளம்பும்போது, "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கக்கா, அப்பதான் இந்தக் கால் க்ளோஸ் ஆகும்." அந்த அம்மாவும் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார். கம்பெனி அனுப்பிய பதிலில், எல்லாப் புகாரும் வாடிக்கையாளர் திருப்திப்படும்படி தீர்க்கப்பட்டது என்று தேதிவாரியாகப் பட்டியலே இருந்தது. நாம் கொடுத்த எண்ணை வைத்தே நம் வாயை அடைக்கிறார்கள்.

அந்த மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. அவர் ஒப்பந்தத்தில் ஓடுகிற பையன். கால் க்ளோஸ் ஆகாவிட்டால் அவர் பாடு திண்டாட்டம். ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் தம்பி என்று தன்மையாகச் சொல்லலாம். தாளில் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்துக்கு மேலேயே 'குறை தீரவில்லை' என்று நம் கையால் எழுதி, அதைப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஓடிபி சொல்லித் தொலைத்துவிட்டால் அன்று மாலையே கம்பெனிக்கு ஒரு மெயில்: இன்ன தேதி, இன்ன புகார் எண், ஆள் வந்தார், குறை அப்படியே இருக்கிறது. கஸ்டமர் கேருக்குப் போனில் கத்தியதெல்லாம் காற்றோடு போகும். மெயில் நிற்கும்.

கம்பெனி கைவிரிக்கிறதே என்று வெளியாளை வைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு. தயாரிப்பிலேயே குறையா என்று தெரிய, பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நாமே அதற்குள் பிரித்துவிட்டால், "வெளியில் கைவைத்ததால் கெட்டது" என்று எதிர்த்தரப்பு சுலபமாகச் சொல்லிவிடும்.

இனி எழுதும் விஷயம். நான் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குபவன். நீளமாக எழுதச் சொன்னால் எனக்கு லாபம். இருந்தாலும் சொல்கிறேன். "ஏழை எளிய மக்களின் வயிற்றில் அடிக்கும்" என்று ஆரம்பிக்கச் சொல்பவர்கள் நிறைய. ஆணையத்தில் இருப்பவர்களுக்கு வேண்டியது வேறு: எப்போது வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது கெட்டது, யாரிடம் எப்போது சொன்னீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது என்ன கேட்கிறீர்கள். நோட்டீசும் இதே வரிசைதான். நோட்டீஸ் அனுப்பியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வக்கீல் கையெழுத்தும் தேவையில்லை. ஆனாலும் ஒப்புகையோடு தபாலில் ஒன்று போட்டு, 15 நாள் கெடு வையுங்கள். முகவரி எழுதும்போது கடையையும் தயாரித்த கம்பெனியையும் சேர்த்தே போடுங்கள். கம்பெனியை மட்டும் இழுத்தால் விற்றவர் நழுவுவார்; விற்றவரை மட்டும் இழுத்தால், "நான் பெட்டியைப் பிரிக்காமல் கொடுத்தேன்" என்பார்.

அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பெரிய கம்பெனிகள் விஷயத்தில் அங்கே பதிவு செய்ததுமே காரியம் முடிவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளூர்க் கடை என்றால் அவ்வளவு வேகம் இருக்காது.

ஒரு வாக்கியம் விட்டுப்போனால் மொத்தமும் கவிழும் என்பதைத் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா கேஸில் பார்த்தேன். வீட்டுத் திண்ணையில் ஜாக்கெட் தைப்பவர். கடன் வாங்கி ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கியிருக்கிறார். நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. வேறெங்கோ எழுதி எடுத்து வந்த மனுவில், 'எனது தையல் தொழிலை விரிவுபடுத்தும் பொருட்டு' என்று ஆரம்பம். வணிக நோக்கில் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்த உழைப்பில், சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கியிருந்தால் நுகர்வோர்தான். "ஏம்மா, ஆள் வெச்சுத் தைக்கிறீங்களா?" என்று கேட்டேன். "ஆளா? நான் ஒருத்திதாந் தம்பி, கண்ணு தெரியிற வரைக்கும்" என்றார். அதைத்தான் முதல் பத்தியில் வைத்தோம், கண் விஷயத்தை விட்டுவிட்டு. எதிர்த்தரப்பு பதிலில் வணிக நோக்கம் என்று ஒரு வரி வரத்தான் வந்தது, எடுபடவில்லை.

கம்பெனி டெல்லியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் என்று பார்க்க வேண்டியிருந்தது. இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. இந்தக் கணக்கு கொடுத்த விலைக்குத்தான், கேட்கும் நஷ்டஈட்டுக்கு அல்ல. அதற்காக மிக்சிக்கு 10 லட்சம் கேட்டு எழுதச் சொன்னால் நான் அடித்துத்தான் தருவேன், படிப்பவர் சிரிப்பார். அலைந்த செலவுக்கும் மன உளைச்சலுக்கும் நியாயமாக ஒரு தொகை கேளுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் தாண்டிவிடக் கூடாது. "இதோ பார்க்கிறோம்" என்று கம்பெனி அனுப்பும் இனிப்பான மெயில்களிலேயே அந்த 2 வருடம் கரைவதுண்டு.

எவ்வளவு நாளாகும் என்று எல்லோரும் கேட்பார்கள். சட்டத்தில் 3 மாதம், சோதனைக்கூடம் போனால் 5 மாதம் என்று இருக்கிறது. நடப்பு அப்படி இல்லை. வருடக்கணக்கில் போனதும் உண்டு. ஒரு ஆறுதல், எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. முன்பு போல் வாய்தா வாங்கியே இழுக்க முடிவதில்லை.

ஜெயித்தவர்கள் மறுபடி என் கடைக்கு வருவது வேறு காரணத்துக்காக. உத்தரவு வந்ததும் செக் வீடு தேடி வரும் என்று காத்திருந்து, வராமல் போயிருக்கும். எதிர்த்தரப்புக்கு மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு. கட்டச் சொன்ன தொகையில் பாதியைச் செலுத்திவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீட்டுக்கும் போகவில்லை, பணமும் வரவில்லை என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 72ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மனு எண் ஆனதும் அசையாத கம்பெனிகூட வங்கி கணக்கு எண் கேட்டுப் போன் செய்யும். மனுவோடு வைக்க உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். வழக்கின் தரப்பினருக்கு முதல் நகல் இலவசம், அதற்கு யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.