வெர்ஷன் மாறும்போது எந்த வழி?

மதுரைக்கு அருகே கீழக்குயில்குடி சமணர்மலையின் செட்டிப்புடவுக் குகையில் வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. மொழி தமிழ்தான். ஆனாலும் இன்று தமிழ் படித்தவரால் அதைப் படிக்க முடிவதில்லை. கல் அப்படியே இருக்க, ஊரின் எழுத்து மாறிவிட்டது. நிரல் எழுதுவோருக்கும் இதே சங்கடம் வரும்: எழுதியது அப்படியே இருக்கும், அது நம்பியிருக்கும் லைப்ரரி மாறிவிடும்.

2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 ஒரு மொழியையே அப்படி மாற்றியது. அடைப்புக்குறி இல்லாமல் பிரிண்ட் எழுதினால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். இது கத்துகிற மாற்றம். 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழையதில் 3, புதியதில் 3.5. இது சத்தம் போடாத மாற்றம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம், யூடிஎஃப்-8 கோப்பில் சாதாரணமாக எழுதியிருந்தால், பைத்தான் 2-இல் 15. பைத்தான் 3-இல் 5. நாம் எண்ணினால் 3. முதலாவது பைட், இரண்டாவது யூனிக்கோடு குறியீடு, மூன்றாவது எழுத்து. பெயருக்கு இத்தனை இடம் என்று வரம்பு வைத்த படிவம் எதுவும் சொல்லாமலே வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

எந்த வழியில் போவது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தச் சத்தமில்லாத வகைதான்.

பழைய வெர்ஷனைப் பூட்டி வைப்பது முதல் வழி. அடுத்த மாதம் ஒப்படைக்கும் கல்லூரி புராஜெக்டுக்கு இது போதும். பல ஆண்டு ஓடவேண்டியதற்குப் போதாது. பைத்தான் 2.7-க்கான ஆதரவு 2015-இல் முடிவதாக இருந்து, 2020 ஜனவரி 1 வரை நீண்டது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தமும் நின்றுபோனது.

ஒரேயடியாக மாறுவது இரண்டாவது. நிரல் சிறியதாகவும் டெஸ்ட்கள் நன்றாகவும் இருந்தால் இதுவே மலிவு. பைத்தான் 2 நிரலை 3-க்கு மாற்றும் டூ-டு-த்ரீ போன்ற கருவி பிரிண்டைத் திருத்தித் தரும். நீளம் என்று நீங்கள் எண்ணியது பைட்டா எழுத்தா என்பது அதற்குத் தெரியாது.

படிப்படியாகப் போவது மூன்றாவது. பைத்தானில் தரவுத்தளத்தைக் கையாளும் லைப்ரரியான எஸ்க்யூஎல்-ஆல்கெமியின் 2.0 வந்தது 2023 ஜனவரியில். 2021-இல் வந்த 1.4 வெர்ஷனில் எச்சரிக்கையை இயக்கினால், 2.0-இல் எவை உடையும் என்று அது முன்கூட்டியே சொல்லும். பழைய நிரலை 1.4-இல் ஓடவிட்டு, எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டுத் தாண்டலாம். பெரிய நிரலுக்கு ஏற்றது இதுதான்.

நான்காவது, இரண்டு வெர்ஷனிலும் ஓடும்படி எழுதுவது. இதற்கென்றே சிக்ஸ் என்ற லைப்ரரி வந்தது. 2-ஐ 3-ஆல் பெருக்கினால் கிடைக்கும் எண்ணே அதன் பெயர். பிறர் பயன்படுத்த லைப்ரரி எழுதுபவருக்கு இது தவிர்க்க முடியாத சுமை. மற்றவர்களுக்கு இரட்டை வேலை.

மதுரைக் கடை ஒன்றின் பில் நிரலை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பல ஆண்டு ஓடவேண்டியது, ஆகவே பூட்டு உதவாது. நிரல் சிறியது, ஆகவே இரண்டாவது வழியே சரி. ஆனால் மாற்றுவதற்கு முன்பே மூன்று டெஸ்ட் எழுதிக்கொள்ள வேண்டும்: மூன்றரை கிலோ சரக்கு ஒன்று, இருவருக்குப் பிரித்த 7 ரூபாய் ஒன்று, ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயர் ஒன்று.