மண்ணில் தொடங்கும் ஆடல்

அஸ்ஸாம் மாநிலத்தில், பிரம்மபுத்திரா நதியின் நடுவே மாஜுலி என்னும் பெரிய தீவு உள்ளது. ஸ்ரீமந்த சங்கரதேவரும் அவருடைய சீடர் மாதவதேவரும் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் பரப்பிய பக்தி நெறியின் உறைவிடங்களான ‘சத்ர’ மடங்கள் பல அங்கே இருக்கின்றன. (வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தை நினைவூட்டும் இச்சொல், அங்கே பக்தர்கள் கூடி வாழும் இடத்தைக் குறிக்கிறது.) இம்மடங்களுள் சிலவற்றில் இல்லறம் ஏற்காத துறவியர் வாழ்கின்றனர். சிறு வயதிலேயே அவர்களிடம் ஒப்படைக்கப்படும் சிறுவர்கள், மூத்த துறவி ஒருவரின் குடிலில் அவருடைய பிள்ளைகளைப் போலவே வளர்கின்றனர். பள்ளிக்குச் செல்கின்றனர், வழிபாட்டில் கலந்து கொள்கின்றனர், நடனம் பயில்கின்றனர்.

அந்த நடனம், 2000-ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமியால் செவ்வியல் நடனமாக ஏற்கப்பட்ட சத்ரிய நடனமே. ஆனால் சிறுவனுக்கு முதலில் கற்பிக்கப்படுவது நடனமன்று, ‘மாட்டி ஆகரா’. மாட்டி என்றால் மண். ஆகரா என்றால் பயிற்சி. தரையில் அமர்ந்தும், உருண்டும், வளைந்தும், தாவியும், சுழன்றும் செய்யும் இப்பயிற்சிகள் அறுபத்து நான்கு என்பது மரபு. இவை உடலில் படிந்த பின்னரே பாடலும் பாவமும் வருகின்றன. அவசரம் என்பதற்கு அங்கே இடமில்லை.

உடல் பெறும் கல்வி

சிறு குழந்தைக்கு நடனம் கற்பிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர், இந்த வரிசையைச் சற்றே சிந்திக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தன் உடல் இன்னும் முழுமையாக வசப்பட்டிருப்பதில்லை. இடது எது, வலது எது என்பதே தடுமாற்றம். ஒற்றைக் காலில் நிற்பது ஒரு சாதனை. ஓடிக் கொண்டிருக்கும்போது நினைத்த இடத்தில் நிற்பது அதனினும் கடினம். நடன வகுப்பில் இவை அனைத்தும் தாளத்தின் துணையுடன் நாள்தோறும் பழகப்படுகின்றன.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடல் இயக்கத்தில் இருக்க வேண்டும் என்றும், திரையின் முன் ஒரு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்திருக்கலாகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அடுக்குமாடி வீட்டில் வளரும் குழந்தைக்கு ஓடியாட முற்றம் ஏது? ஓர் அறையளவு இடம் இருந்தால் நடனம் நடந்துவிடும்.

பரதநாட்டியத்தில் ஓர் அடவை மூன்று காலங்களில் செய்யப் பழக்குவர். முதல் காலத்தில் ஓர் அட்சரத்திற்கு ஒரு தட்டு. இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் வேகம் கொள்வதில்லை. கால்தான் வேகம் கொள்கிறது. பாதி, கால் என்னும் பின்னங்களைப் புத்தகத்தில் காணுமுன்பே அக்குழந்தை பாதத்தால் அறிந்துவிடுகிறது. நடனம் கற்றால் கணக்கில் முதல் மதிப்பெண் வரும் என்று சிலர் விளம்பரம் செய்வது மிகை. எண்ணிக்கையில் மனம் நிலைத்திருக்கும் பழக்கம் வரும் என்பது மட்டும் உண்மை. அதுவே சிறிய பேறு அன்று.

பிறர் மனம் அறிதல்

அபிநயம் பயிலும்போது நிகழ்வது இன்னும் நுட்பமானது. வெண்ணெய் திருடிய கண்ணனாக ஆடிய குழந்தை, மறு கணமே அவனைக் கட்ட முயலும் யசோதையாக மாற வேண்டியிருக்கிறது. கோபம் கொண்ட தாயின் கண்ணில் அன்பு எவ்வாறு மறைந்திருக்கும் என்பதை அக்குழந்தை தன் முகத்திலேயே தேடிக் காண்கிறது. மணிப்பூரில் ராஸலீலையின் கண்ணன் வேடத்தைக் குழந்தைகளுக்கு அளிக்கும் வழக்கம் உண்டு. ஊரார் அக்குழந்தையைப் பக்தியுடன் நோக்குகின்றனர். தான் சுமப்பது தன்னினும் பெரியது என்னும் உணர்வு அவ்வயதிலேயே அரும்புகிறது.

நடனம் பெண் குழந்தைகளுக்கே உரியது என்ற எண்ணம் நகரங்களில் பரவலாகக் காணப்படுகிறது. சத்ர மடங்களில் நெடுங்காலம் ஆண்களே ஆடினர். ஒடிசாவில் ‘கோட்டிபுவா’ என்னும் ஆடல் சிறுவர்களுக்கே உரியது. ரகுராஜ்பூர் கிராமத்தில் பிறந்து, சிறுவனாக அதை ஆடிய கேளுசரண் மகாபாத்ரா, பின்னாளில் ஒடிஸி நடனத்தின் பேராசானாக விளங்கினார். ஆடக் கேட்கும் மகனை ‘அது அக்காவுக்கு’ என்று தடுப்பதற்கு மரபில் ஆதாரமில்லை.

எச்சரிக்கையும் தேவை. மென்மையான எலும்புகளை உடைய குழந்தையைச் சிமென்ட் தரையில் மணிக்கணக்கில் ஓங்கித் தட்டச் செய்தல் தீங்கு. அரைமண்டியில் முழங்கால் வலிக்கிறது என்று குழந்தை கூறினால், அதைச் சோம்பல் என்று கடிந்து கொள்ளாமல், இடுப்பிலிருந்து கால் திரும்புகிறதா, முழங்காலை மட்டும் முறுக்குகிறதா என்று ஆசான் நோக்க வேண்டும். மாட்டி ஆகராவில் உடலை முதலில் பதப்படுத்துவதன் காரணம் இங்கே விளங்கும்.

உடலுக்கு நேரும் தீங்கினும் மனத்திற்கு நேரும் தீங்கு கண்ணில் படுவதில்லை. ஆறு மாதத்தில் மேடை, ஓராண்டில் போட்டி, பரிசு வராவிட்டால் வீட்டில் மௌனம் என்றாகும்போது, ஆடலில் இயல்பாக எழுந்த மகிழ்ச்சி குழந்தையிடமிருந்து பறிக்கப்படுகிறது. பின்பு பத்தாம் வகுப்பு வந்ததும், ‘போதும்’ என்று சலங்கையைப் பரணில் போடுகின்றனர். தேர்வுக்காகப் படிக்கும் நாள்களில் அரை மணி நேரம் ஆடிவிட்டு வந்து அமரும் பிள்ளைக்கு மனம் தெளிந்திருக்கும் என்பதை அனுபவமுள்ள ஆசான்கள் எடுத்துரைத்தும், கேட்கும் பெற்றோர் சிலரே.

சத்ர மடத்துச் சிறுவனுக்கும் ஒரு தேர்வுக் காலம் உண்டு. வளர்ந்தபின் இல்லறம் விரும்புபவன் மடத்தை விட்டுச் செல்லலாம். அவ்வாறு செல்பவனும் தான் கற்ற ஆடலை உடன் கொண்டே செல்கிறான். ஆண்களிடம் மட்டுமே இருந்த அக்கலை, கடந்த நூற்றாண்டில் மடத்திற்கு வெளியேயும் பரவிப் பெண்களையும் அடைந்தது. இன்று குவாஹாட்டி நகரத்து வகுப்பறையில் அதைக் கற்க வரும் சிறுமியும், தலைப்பாகையும் ஒப்பனையும் அணியும் நாளுக்கு வெகு முன்பாக, தரையில் அமர்ந்து மாட்டி ஆகராவையே முதலில் பயில்கிறாள்.