வீட்டைப் படமெடுங்கள்: கேமரா பழகும் தம்பி தங்கைகளுக்கு

ஸ்டுடியோவில் வேலை பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதுதான். அடுத்த கேள்வி, எங்கே போய்ப் படமெடுப்பது என்பது. தனுஷ்கோடி, ஹம்பி, வாரணாசி என்று ஒரு பட்டியலும் தயாராக இருக்கும். போய் வாருங்கள், நல்லதுதான். ஆனால் ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து கும்பகோணம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் நின்று பிழைத்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். தொழில் பழக உங்கள் வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. நீங்கள் எடுக்கப்போகிற படங்களில் உங்களுக்குக் காலத்துக்கும் வேண்டியிருக்கப்போவதும் வீட்டில் எடுத்தவைதான். அந்த வீட்டைத் தொலைத்துவிடாமல் இந்தத் தொழிலைச் செய்யவும் வழி உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. முதலில் வீட்டு வெளிச்சத்தைப் படியுங்கள்

சில நாள் கேமராவைத் தொடாமல், வீட்டுக்குள் வெளிச்சம் எங்கெங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். காலை 7 மணிக்கு எந்த ஜன்னலில் நுழைகிறது, 10 மணிக்கு முற்றத்தில் எதுவரை இறங்குகிறது, மாலையில் திண்ணைச் சுவரில் எந்த இடத்தில் விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வடக்கு ஜன்னல் வெளிச்சம் எப்போதும் மென்மையானது என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் எழுதும். நம் டெல்டாவில் எல்லா மாதமும் அது சரிவராது. ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டிவிடுங்கள், வெயில் பரவி மென்மையாகிவிடும். இது கைவந்தவருக்கு, முன்பின் தெரியாத மண்டபத்தில் மணப்பெண் அறைக்குள் நுழைந்ததும் பெண்ணை எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

2. ஒரே லென்ஸோடு அடுப்படிக்குப் போங்கள்

50 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். கேமரா சென்சார் சின்னதாக இருந்தால் 35. இட்லிப் பானையைத் திறக்கும்போது எழுகிற ஆவி படத்தில் தெரிய வேண்டுமானால், வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், அதற்கும் பின்னால் இருட்டான சுவர் இருக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு எதிரே எடுத்தால் ஆவி காணாமல் போய்விடும். டவராவிலிருந்து டம்ளருக்குக் காபியை இழுத்து ஆற்றும்போது 1/1000 நொடியில் எடுத்தால் துளித்துளியாக நிற்கும், 1/60 நொடியில் எடுத்தால் ஒரே கம்பியாக இறங்கும். இரண்டும் அழகு. எது எப்போது வேண்டும் என்று அடுப்படியில் தெரிந்துகொண்டால், தாலி கட்டும் நேரத்தில் அட்சதை விழும்போது கை தானாகவே சரியான இடத்துக்குத் திருகும். படம் எடுத்தது போதும் என்று தோன்றியதும் கேமராவை மூடிவிட்டு அந்தக் காபியைச் சூடாகக் குடியுங்கள்.

3. எண்ணி எடுங்கள்

எங்கள் காலத்தில் 35 மி.மீ. ரோலில் 36 படம், 120 ரோலில் சதுரப் படமென்றால் 12. ரோலுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு. அதனால் பார்த்துப் பார்த்து எடுத்தோம். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, நீங்களாக வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படம், அதற்குமேல் இல்லை என்று வைத்துப் பாருங்கள். கிளிக் செய்வதற்கு முன்னால் ஒரு மூச்சு காத்திருக்கும் பழக்கம் வந்துவிடும்.

4. பெரியவர்களை இப்போதே எடுங்கள்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஸ்டுடியோவுக்கு வருகிற வேலைகளில் மனதுக்கு மிகவும் கனமானது ஒன்று உண்டு. அப்பாவோ அம்மாவோ காலமான மறுநாள் மகன் வந்து நிற்பார். கையில் ஒரு ரேஷன் கார்டு, அல்லது வாக்காளர் அட்டை, அல்லது யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ இருக்கும். மூன்றாவது வரிசையில் பாதி மறைந்த முகத்தைக் காட்டி, "இதை மட்டும் தனியாப் பெரிசு பண்ணிக் குடுங்கண்ணே, பதினாறாம் நாளுக்குள்ள வேணும்" என்பார். நகக்கண் அளவு முகத்தை 12×15 ஆகப் பெரிதாக்குவோம். தோளில் கிடக்கிற அடுத்தவர் கையை அழிப்போம். ஒரு சட்டையை மாட்டுவோம், பின்னால் நீலம் கொடுப்போம். மாலை போட ஒரு படம் கிடைத்துவிடும். ஆனால் அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்பது அதில் இருக்காது. வீட்டில் ஆளுக்கொரு ஃபோன் வந்த பிறகும் இந்த வேலை குறையவில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் எடுக்கிறார்கள், மூலையில் உட்கார்ந்திருக்கிற அப்பத்தாவைத் தனியாக எடுப்பதில்லை.

ஆகவே காலை எட்டு மணிவாக்கில், அவர் வழக்கமாக உட்கார்கிற நாற்காலியில், வழக்கமாக உடுத்துகிற புடவையில், வெற்றிலைப் பெட்டி பக்கத்தில் இருக்க, வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி எடுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள், அது அவர் முகத்தில் ஒரு பாகம். அதன் காம்பைக் காதின்மேல் சற்றே தூக்கி வைத்தால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது. எஃப் 4 அல்லது 5.6 வைத்தால் கண்ணிலிருந்து காதுவரை தெளிவாக இருக்கும். பழைய கதை ஒன்றைக் கேளுங்கள், எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார், அந்த வருஷம் காவிரியில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று. சொல்ல ஆரம்பித்ததும் கேமராவை மறந்துவிடுவார். அப்போது எடுங்கள்.

5. போஸ் கேட்காதீர்கள், அவர்களாக நின்றால் மறுக்காதீர்கள்

அம்மாவை மாவாட்டும்போது எடுக்கப் போனால், "இரு, புடவை மாத்திட்டு வர்றேன்" என்பார். மாற்றிக்கொண்டு வரட்டும். தலை வாரி, பூ வைத்து, நிலைப்படியில் நிமிர்ந்து நிற்கிறாரா, மரியாதையாக அந்தப் படத்தையும் எடுங்கள். அது அவர் தன்னைப் பற்றி வைத்திருக்கிற படம். மாவு படிந்த கையோடு இருப்பது நாம் அவரைப் பற்றி வைத்திருக்கிற படம். ஆல்பத்தில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

6. குழந்தையின் உயரத்துக்கு இறங்குங்கள்

நின்றபடி எடுத்தால் குழந்தையின் உச்சந்தலைதான் கிடைக்கும். தரையில் உட்காருங்கள், தேவைப்பட்டால் படுங்கள். ஓடுகிற பிள்ளைக்கு 1/500 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் போர்க்களப் புகைப்படக்காரர் 1945-இல் ஒகினாவாவில் படுகாயம் பட்டு, நீண்ட நாள் சிகிச்சையில் கிடந்தார். மீண்டும் கேமராவைத் தூக்க முடியுமா என்றிருந்த அந்த மனிதர் 1946-இல் எடுத்தது, தன் மகனும் மகளும் மர நிழலிலிருந்து வெளிச்சத்தை நோக்கி நடந்து போகிற படம். 1955-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைகன் அமைத்த 'தி ஃபேமிலி ஆஃப் மேன்' கண்காட்சி அந்தப் படத்தோடுதான் முடிந்தது. பெரிய போர்களைப் பார்த்த கண், தன் பிள்ளைகளின் முதுகைப் பார்த்து எடுத்த படம் அது. முகம் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

7. விளக்கு வெளிச்சத்தைக் கெடுக்காதீர்கள்

கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல் வரிசை வைத்திருக்கும்போது ஃபிளாஷ் அடித்தால் அகல் இருக்கும், தீபம் இருக்காது. ஃபிளாஷை அணையுங்கள். ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200க்கு ஏற்றுங்கள், லென்ஸை முழுக்கத் திறந்து சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடித்து எடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த மஞ்சளைக் கழுவிவிடப் பார்க்கும். 3500 கெல்வின் பக்கம் கையால் வையுங்கள். முழுதாக இருட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கிற இருபது நிமிடம்தான் விளக்குக்கு நல்ல நேரம்.

8. வேண்டாம் என்றால் கேமராவைக் கீழே வையுங்கள்

வீட்டுக்காரம்மா அசதியாக இருக்கிறார், பிள்ளை அழுகிறது, அப்பா கோபத்தில் இருக்கிறார். அப்போது நீங்கள் புகைப்படக்காரர் இல்லை. போய்ச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். குளிக்கிற குழந்தையின் படத்தை ஊர் பார்க்கப் போடாதீர்கள். வளர்ந்த பிள்ளையின் படத்தைப் போடுவதற்கு முன் அதனிடம் கேளுங்கள். வீட்டாரின் சம்மதத்தை மதிக்கப் பழகியவர்தான் அடுத்த வீட்டுப் பெண்ணை எடுக்கும்போதும் எல்லை அறிந்து நிற்பார். ஊர் நம்மை வீட்டுக்குள் விடுவது அந்த நம்பிக்கையில்தான்.

9. ஆடியும் மார்கழியும் உங்கள் மாதங்கள்

முகூர்த்த மாதங்களில் நமக்கு ஞாயிறு கிடையாது. சொந்தத்தில் கல்யாணமென்றால் அதே நாளில் நமக்கு வேறு மண்டபத்தில் வேலை இருக்கும். தை, மாசி, வைகாசி, ஆவணி எல்லாம் அப்படியே போகும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. வருமானம் இல்லையே என்று அந்த மாதங்களைக் கவலையில் கழிக்காதீர்கள். கையில் காசு இருக்கும்போதே அவற்றுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஆடி பதினெட்டு அன்று புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு காவிரிக்கரைக்குப் போங்கள். பிள்ளைகள் சின்னச் சப்பரம் கட்டித் தெருவில் இழுத்து வருவதைப் பாருங்கள். மார்கழியில் விடியுமுன் எழுந்து, கோலம் போடுகிறவருக்கு விளக்குப் பிடியுங்கள். அந்த விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தால் மாவுப் புள்ளி ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும்.

10. சின்னச் சந்தோஷங்களை விட்டுக்கொடுக்காதீர்கள்

மூன்று மணிக்கு எழுந்து, பிரம்ம முகூர்த்தக் கல்யாணம் முடித்து, வேலையாட்களோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிற டீக்கு ஈடு எதுவும் இல்லை. அங்கே மானிட்டரைத் தட்டிக்கொண்டிருக்காமல் பேசுங்கள், சிரியுங்கள். மண்டபத்தில் கடைசிப் பந்தியாவது உட்கார்ந்து இலையில் சாப்பிடுங்கள், நின்றுகொண்டு விழுங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கார்டை இரண்டு இடத்தில் காப்பி போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஆல்பம் வேலை எவ்வளவு நெருக்கினாலும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் மூடியிருக்கட்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவது, மாலையில் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவது, மழைக்கு முன்னால் வருகிற காற்று, இவற்றையெல்லாம் ரசிக்காதவர் கண்ணுக்கு மண்டபத்திலும் ஒன்றும் தட்டுப்படாது.

11. நீங்களும் படத்தில் இருங்கள்

புகைப்படக்காரர் வீட்டு ஆல்பத்தில் புகைப்படக்காரரைத் தவிர எல்லோரும் இருப்பார்கள். ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் தந்தை உம்ராவ் சிங் ஷேர்கில் (1870–1954) மனைவியையும் இரண்டு மகள்களையும் பல்லாண்டு விடாமல் எடுத்தார், தன்னையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். அம்ரிதா என்ற குழந்தையையும், அவரை வளர்த்த மனிதரையும் இன்று நாம் பார்ப்பது அந்தப் படங்களில்தான். டிரைபாடில் கேமராவை நிறுத்தி, பத்து நொடி டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய் அவர்களோடு உட்காருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, அதே வாசலில், எல்லோரும்.

12. பிரிண்ட் போடுங்கள், பின்னால் எழுதுங்கள்

ஃபோனில் கிடக்கிற படம் ஃபோனோடு போகும். மாதம் பத்துப் படம் தேர்ந்தெடுத்து மேக்ஸி அளவில் போடுங்கள். பசையுள்ள பக்கத்தில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிற ஆல்பம் வேண்டாம். நாளாக நாளாகப் படம் அதோடு பிடித்துக்கொள்ளும். செருகிவைக்கிற ஆல்பம் வாங்குங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டிய பழைய படமா, பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு யோசியுங்கள். தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளை இன்னும் நிற்க, எண்பதுகளின் கலர் படங்கள் பல வீடுகளில் சிவந்துபோய்விட்டன. அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பெயர் தெரியாத முகத்தை மூன்றாம் தலைமுறை தூக்கிப் போட்டுவிடும்.

தம்பிகளே, தங்கைகளே, நல்ல கேமரா காசு சேர்ந்ததும் வாங்கிக்கொள்ளலாம். கையில் இருப்பதை வைத்து இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். எடுத்ததைப் பிரிண்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள்.