இல்லிக்குடமும் பள்ளி உளவியலும்

முன்னுரை

தமிழ் இலக்கண நூல்கள் எழுத்தையும் சொல்லையும் மட்டும் ஆராய்ந்தவை அல்ல. கற்பிப்பவரையும் கற்பவரையும் சேர்த்தே ஆராய்ந்தவை. மேனாடுகளில் பள்ளி உளவியல் என்னும் பெயரால் வளர்ந்துள்ள துறையும் இவ்விருவரையே பொருளாகக் கொள்கிறது. அத்துறையில் பயில்வோர் அரசுப் பள்ளிகளில் பெறும் களப்பயிற்சி யாது, அது சேலம், நாமக்கல் சமவெளிப் பள்ளிகளுக்கு எவ்வாறு பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலார் கண்ட மாணாக்கர்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகிறார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு உவமை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கருக்கு உவமை. இல்லிக்குடம் என்பது ஓட்டைக் குடம். ஊற்றிய நீர் ஒழுகிப்போவதுபோல, கேட்டது நெஞ்சில் நில்லாதவனை அது குறிக்கும்.

இப்பகுதியைப் பாடம் நடத்துகையில் மாணவர் சிரிப்பர். நாமும் உடன் சிரித்ததுண்டு. ஆயின் குடத்தில் ஓட்டை எங்குள்ளது, எதனால் நேர்ந்தது, அதனை அடைக்க இயலுமா என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை. பள்ளி உளவியல் அவ்வினாக்களிலிருந்தே தொடங்குகிறது.

நாம் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் முதலாண்டு மாணவர் ஒருவர் இருந்தார். வாய்மொழியாகக் கேட்டால் தெளிவாக விடை கூறுவார். விடைத்தாளிலோ எழுத்துகள் இடம் மாறியும் விடுபட்டும் நிற்கும். 'கவனக்குறைவு' எனச் சிவப்பு மையால் எழுதினோம். ஒருமுறையன்று, அவ்வாண்டு முழுவதும் எழுதினோம். இரண்டாம் பருவத் தேர்வுக்குப்பின் அவர் கல்லூரிக்கு வரவில்லை. விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக உடன்பயின்றோர் கூறினர். கற்றல் குறைபாடு என ஒன்று உண்டென்பதை ஒரு பயிலரங்கில் நாம் அறிந்தபோது காலம் கடந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக்கல்வியில் ஒருவர்கூட அதனைக் கண்டறியவில்லையே என வியந்தோம். நாமும் கண்டறியவில்லை என்பதே உண்மை.

துறையின் தோற்றம்

1896ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்னும் உளவியலறிஞர் தம் உளவியல் ஆய்வகத்தைச் சிறுவர்க்கான மருத்துவகமாக்கினார். அவரிடம் முதலில் அழைத்து வரப்பட்டவன் எழுத்துக்கூட்ட இயலாத 14 வயதுச் சிறுவன். அழைத்து வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஆராய்ந்த விட்மர், பார்வைக்குறையும் அவனது இடர்ப்பாட்டிற்கு ஒரு காரணம் எனக் கண்டார். அவனுக்குக் கண்ணாடி அணிவித்துத் தனிப்பயிற்சியும் அளிக்கச் செய்தார். ஆசிரியை ஒருவரின் ஐயமே ஒரு துறைக்கு வித்தாயிற்று என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

களப்பயிற்சியின் இயல்பு

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கும் கட்டணமில்லாத, தகுந்த கல்வி அளிக்க வேண்டும் என்னும் சட்டம் 1975இல் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. அதன்பின் பள்ளி உளவியலாளரின் தேவை அங்குப் பெருகிற்று. 1969இல் தோன்றிய அந்நாட்டுத் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் வகுத்த தரத்தின்படி, பயிற்சியாளர் குறைந்தது 1200 மணிநேரம் களத்தில் பணிபுரிதல் வேண்டும். அதில் 600 மணிநேரமேனும் பள்ளியிலேயே கழிய வேண்டும். வாரந்தோறும் மூத்த உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையும் உண்டு.

பயிற்சியாளர் கற்பன யாவை? முதலாவது, வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து உற்றுநோக்கல். இரண்டாவது, பார்வை, செவித்திறன், வாசிப்பு, நினைவாற்றல் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்தல். மூன்றாவது, ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் குறை கூறாது உரையாடல். நான்காவது, கண்டவற்றை எளிய மொழியில் அறிக்கையாக்கல். ஐந்தாவது, மாணவர் சொன்ன மறைபொருளைக் காத்தல். உயிருக்கு ஊறு நேருமென அஞ்சினாலோ, குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்திருப்பதாக அறிந்தாலோ மறைத்தல் ஆகாது. நம் நாட்டிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பின்னதைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியுள்ளது.

நம் நாட்டு நிலை

இச்சிந்தனை நமக்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த இலட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு (1952–53) பள்ளிகளில் வழிகாட்டுதற் பணியை வலியுறுத்தியது. தமிழக அரசு 2013இல் பத்து ஊர்திகளைக் கொண்டு நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. அந்நாளில் மாவட்டங்கள் 32. எனவே ஓர் ஊர்தி மூன்று மாவட்டங்களுக்கேனும் ஓட வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலுள் சேர்த்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறும் அதற்கு மேலும் மாணவர் பயிலும் நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் எனவும், மதிப்பெண் கொண்டு மாணவரைப் பிரித்து அமர்த்தலும் பலர்முன் இகழ்தலும் தவிர்க்கப்பட வேண்டும் எனவும் நெறிமுறை வகுத்தது.

நம் மண்ணின் தேவை

இந்நெறிமுறை நம் சமவெளிக்கே எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது. மதிப்பெண்ணால் புகழ்பெற்ற உறைவிடப் பள்ளிகள் நாமக்கல் மாவட்டத்தில் மிகுதி. அரசுப் பள்ளி மாணவர் நிலையோ வேறு. தந்தை லாரியோடு வடமாநிலம் சென்றிருப்பார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போனவரெனில் திரும்பத் திங்கள் பல ஆகும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் தறியோசை நடுவே பிள்ளை படிக்கும். சேலத்தில் கொலுசுப் பட்டறைக்கு மாலையில் செல்லும் பிள்ளையும் உண்டு. வகுப்பில் உறங்கும் ஒருவனை 'எருமை' என ஒதுக்குமுன் இவற்றுள் எது காரணம் என வினவுதல் வேண்டும். அதற்கு வினவத் தெரிந்தவர் தேவை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை உண்டு. அத்துறை மாணவர் ஓராண்டு முழுவதும் ஓர் அரசுப் பள்ளியிலேயே தங்கிப் பயிற்சி பெறின், பள்ளிக்கும் பயன், பயில்வோருக்கும் பயன்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறுவார். அச்சத்திற்கான நான்கனுள் தம் இறையும் ஒன்று என்பார். இறை என்பதில் தந்தையையும் ஆசிரியரையும் சேர்த்துப் பொருள்கொள்வது இன்றைய பள்ளிக்குப் பொருந்தும். மெய்யிற் படுவதைக் கண்டு உள்ளத்துள்ள காரணத்தை உய்த்துணர்தல் பயிற்சியாளரின் முதற்பாடம். நமக்கோ அது பழம்பாடம்.

முடிவுரை

மாணாக்கரைத் தரம் பிரித்த நன்னூலாரே, கற்பவன் ஏற்கும் திறமறிந்து கற்பிக்குமாறு ஆசிரியரையும் பணித்தார். முன்னதை மனப்பாடம் செய்தோம், பின்னதை மறந்தோம். உளவியலாளர் பள்ளிதோறும் வரும் நாள் வருக. அதுவரை, சிவப்பு மையால் 'கவனக்குறைவு' என எழுதுமுன் அம்மாணவரை அருகழைத்து ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் செய்து கேட்போம். அந்த ஐந்து நிமிடத்தை அன்று நாம் ஒதுக்கியிருப்பின், தறிக்கூடத்திற்குச் சென்ற அம்மாணவரின் பெயர் நம் துறையின் பட்டதாரிகள் பட்டியலில் இருந்திருக்கக் கூடும்.