பதினைந்தாம் நாழிகை நித்திரை

சில வருடங்களுக்கு முன் வன்னியில், முரசுமோட்டைப் பக்கம் ஒரு விவசாயக் கூட்டம். மத்தியானம் 1.30க்கு ஆள் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் வாகனத்தை விட்டு இறங்கியபோது விறாந்தையில் இரண்டு பேர், வெளியே புளியமரத்தின் கீழ் ஐந்தாறு பேர், எல்லாரும் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு நல்ல நித்திரை. "என்ன அண்ணை, கூட்டத்துக்கு வந்து படுத்திருக்கினம்?" என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறக்க முன்னரே மரத்தடியிலிருந்து ஒரு பெரியவர், துவாயை விலக்காமலே, "தம்பி, நீங்கள் இண்டைக்கு எத்தினை மணிக்கு எழும்பினனீங்கள்?" என்றார்.

பயிற்சியாளர் பதில் சொல்லவில்லை. மத்தியான நித்திரையைப் பற்றி நம்மிடையே உலாவும் நம்பிக்கைகளில் முக்கால்வாசி, அந்தக் கேள்வியைக் கேளாமல் விட்டதால் வந்தவை.

"வெய்யில் ஏறினால் வன்னிச் சனம் வேலை செய்யாது. சோம்பல்."

இதை வெளியூரார் மட்டும் சொல்வதில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிற நம்முடைய பிள்ளைகளும் சொல்கிறார்கள். மத்தியானத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். முதல்நாள் இரவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலபோக நெல் முற்றுகிற தை, மாசியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து வயற்காரருக்கு இரவுப் படுக்கை வீட்டில் இல்லை, பரணில். யானை வெடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவதற்கு நித்திரை என்று பெயரில்லை. சிறுபோகத்தில் வாய்க்காலில் தண்ணீர் முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில்தான் மண்வெட்டியோடு போக வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் இரவு கடலுக்குப் போனவர் விடிந்து வந்து, மீனை விற்று, வலையைப் பார்த்துப் பொத்தி, வாடிக்குள் சரிகிறபோது உச்சி நெருங்கிவிடும். உடம்பு 24 மணி நேரத்துக்குத்தான் கணக்கு வைத்திருக்கிறது. இரவில் கொடாததைப் பகலில் கேட்கிறது.

இரவு நன்றாகப் படுத்தவர்களுக்கும் அந்த நேரத்து வெய்யில் ஒன்றுதான். இதே ஊர்ப் பிள்ளை கட்டாருக்குக் கட்டட வேலைக்குப் போனால், ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை திறந்த வெளியில் அவனிடம் வேலை வாங்கக் கூடாது. 2021இலிருந்து அங்கே அதுதான் விதி. ஐக்கிய அரபு எமிரேட்சில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை 12.30இலிருந்து 3 மணி வரை தடை. கட்டாரில் சட்டம், முரசுமோட்டையில் சோம்பல்!

உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை நிறுவனமும் 2025இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்குச் சொல்கிறது. வெப்பம், ஈரப்பதன், வெய்யில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் அளவீட்டில் 20 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் வேலைத்திறன் 2 முதல் 3 சதவீதம் வரை குறைகிறது. உச்சி வெய்யிலில் மண்வெட்டி பிடிக்கிறவர் குறைந்த வேலைக்கு முழு வியர்வை கொடுக்கிறார். வியர்வையோடு போவது வியர்வை மட்டும்தானா என்பதும் ஒரு கேள்வி. வவுனியா மாவட்டத்தையும் தொட்டிருக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோயைப் பற்றி இலங்கையில் வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் அதைப் போன்றதொரு நோய் வாட்டும் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் வெப்பத்தின் மேல்தான் பெரிய சந்தேகம். அங்கே மருந்துக்கு முன்னர் கொண்டுவந்த ஏற்பாடு தண்ணீர், ஓய்வு, நிழல். புளியமரத்தடியில் இந்த மூன்றும் எப்போதும் இருந்தன.

"எல்லாம் சோறு செய்கிற வேலை."

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்று பழமொழியே இருக்கிறது. பழமொழியில் பாதி சரி. ஒரு கோப்பை நிறையச் சோறும் மரக்கறியும் கட்டியாகக் குழைத்து அடித்தால் கண் சொருகுவது கூடும். ஆனால் அந்தச் சொருகலைத் தொடக்கிவைப்பது சோறு அல்ல. மணிக்கூடும் சூரியனும் தெரியாத அறையில் ஆட்களை வைத்து, மத்தியானச் சாப்பாடும் கொடாமல் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் பலருக்குப் பின்னேரத் தொடக்கத்தில் உசார் இறங்கியது. விடியத்திலிருந்து விழித்திருக்க விழித்திருக்க நித்திரைப் பாரம் ஏறுகிறது. அதை எதிர்த்து விழிப்பைத் தாங்கிப் பிடிப்பது உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு. பிந்திய பின்னேரமும் மாலையும் அது பலமாகப் பிடிக்கும். மத்தியானத்தில், அந்தப் பிடி இறுகுவதற்கு முன்னர், ஒரு தொய்வு விழுகிறது. இதற்கு ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. கந்தசட்டி விரதம் பிடிக்கிற யாரையாவது மூன்றாம் நாள் மத்தியானம் கோயில் மண்டபத்தில் போய்ப் பாருங்கள்.

சாப்பிட்டதும் இரத்தமெல்லாம் வயிற்றுக்கு இறங்கி மூளை காய்ந்துபோகிறது என்றும் ஒரு விளக்கம் ஊரில் ஓடுகிறது. மூளை தன் பங்கை அப்படி இலேசில் விட்டுக்கொடுக்காது.

"மத்தியானம் படுப்பது ஸ்பெயின்காரனின் பழக்கம்."

சியெஸ்டா என்ற சொல் இலத்தீனில் ஆறாம் மணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சூரியன் உதித்து ஆறாம் மணி. நம் கணக்கில் பதினைந்தாம் நாழிகை, உச்சி. ஆக அது ஒரு நாட்டின் பெயரல்ல, சூரியன் நிற்கிற இடத்தின் பெயர். இஸ்லாத்தில் அதே நேரத்து ஓய்வுக்குக் கைலூலா என்று பெயர். நபிவழியாகவே அதைக் கொள்கிறார்கள். நம்முடைய கோயில்களிலும் உச்சிக்காலப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுகிறோம். பிள்ளையாரைச் சோம்பேறி என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

இன்றைய ஸ்பெயினில் நகரத்துக்காரர் பெரும்பாலானோர் நாளாந்தம் மத்தியானம் படுப்பதில்லை. 2015 கோடையில் வலென்சியாப் பக்கத்து அடோர் என்ற சிற்றூரின் நகரபிதா பின்னேரம் 2 மணி முதல் 5 மணி வரை எல்லாரும் ஓய்வெடுக்கலாம், சத்தம் போடாதீர்கள் என்று அறிவித்தது உலகச் செய்தியானது. எல்லா ஊரும் படுக்கிற நாடாக இருந்தால் அது செய்தியாகியிருக்காது. ஸ்பெயின்காரர் மதியச் சாப்பாட்டை 2 மணிக்கு மேல் சாப்பிடுவதற்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. 1940இல் பிராங்கோவின் அரசு நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன் தள்ளி மத்திய ஐரோப்பாவோடு சேர்த்தது. பிறகு திருப்பி வைக்கவில்லை. அதனால் மட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வர 1.15 ஆகிறது, கோடையில் 2.15. மணிக்கூடு மாறியது, வயிறு சூரியனோடு நின்றுவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஓமந்தை ஞாபகம் வந்தது. 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கொழும்பு தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன் தள்ளியது; ஒக்டோபரில் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது; மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்தை மாற்றவில்லை. வவுனியாவில் 12 மணி, ஓமந்தையைத் தாண்டினால் 11.30. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு பஸ்சில் போய்வந்தவர்கள் "புது நேரமா, பழைய நேரமா" என்று கேட்டுத்தான் எதையும் ஒழுங்கு பண்ணினார்கள். சோதனைச் சாவடியில் கையிலிருந்த மணிக்கூட்டைத் திருகிய அந்தத் தலைமுறைக்கு, மத்தியானம் என்பது யார் வைக்கிற மணிக்கூடு என்பதைப் பொறுத்தது என்று விளக்க வேண்டியதில்லை. கிளிநொச்சியில் இப்போதைய நேரப்படி சூரியன் உச்சிக்கு வருவது 12.08ஐ ஒட்டி, மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின்.

ஸ்பெயினைப் போலவே சீனாவைப் பற்றியும் ஒரு கதை உண்டு. சீன அரசமைப்பு மத்தியான நித்திரையை உரிமையாக்கியிருக்கிறது என்று வட்ஸ்அப்பில் வருகிறது. 1982இன் அரசமைப்பு 43ஆம் உறுப்புரையில் உழைப்பவருக்கு ஓய்வெடுக்கும் உரிமை உண்டு என்றுதான் சொல்கிறது. பாய் விரிக்கிற வேலையைச் சீனர்கள் தாங்களாகவே பார்த்துக்கொள்கிறார்கள்.

"முந்தி எல்லாரும் படுத்தவை, இப்பதான் பழக்கம் கெட்டுப்போச்சு."

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். தன்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில் மின்சாரமின்றி வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் தோட்டம் செய்தும் வாழும் மூன்று சமூகத்தவரின் நித்திரையை அளந்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் பகலில் படுத்தது குளிர்காலத்தில் 100 நாளில் 7 நாளுக்கும் குறைவு. கோடையில் 22 நாளுக்கும் குறைவு. ஆதிமனிதன் எல்லா மத்தியானமும் படுத்தான் என்பதற்கு இது ஆதாரமாகாது. வெய்யில் கூடினால் படுத்தான் என்பதற்கு ஆகலாம்.

வன்னியில் பழக்கம் கெட்டது உண்மைதான், ஆனால் அதைக் கெடுத்தது தொலைபேசி மட்டுமல்ல. மண்சுவரும் கிடுகுக் கூரையும் சாணி மெழுகின நிலமும் உள்ள வீட்டில் மத்தியானம் ஒரு பன்பாயை உதறிப் போட்டால் போதும். 2009இல் போர் முடிந்த பிறகு செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் முதலில் ஏறிக் குடியிருந்தது தகரத்தின் கீழ். சித்திரை வெய்யிலில் தகரத்தின் கீழ் படுக்கலாம் என்று நினைக்கிறவர் ஒருநாள் படுத்துப் பார்க்கட்டும். வெளியே நிழலுக்குப் போகலாம் என்றால் காணிக்குள் நின்ற மாவும் பிலாவும் பலருக்கு இல்லை. பிறகு கல்வீடு வந்தது. வைத்த மரம் நிழல் தர இன்னும் பல வருடம் பிடித்தது.

"பகல் நித்திரை கூடாதென்று எங்கட வைத்தியமே சொல்லுது."

சொல்கிறதுதான். தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி பகலில் உறங்க வேண்டாம் என்கிறது. ஆனால் சரக சங்கிதையைத் திறந்தால் தடையைவிட விதிவிலக்கு நீளம். கோடையில் இரவு குறுகியது, உடம்பு வறள்கிறது, அப்போது படுக்கலாம் என்கிறது. மற்றப் பருவங்களிலும் முதியவர், சிறுவர், நலிந்தவர், சுமை சுமந்து களைத்தவர், நெடுவழி நடந்தவர், இரவு விழித்தவர் படுக்கலாம். பட்டியலை ஒருமுறை வாசித்துவிட்டு எங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். வெளியே நிற்பவர் எத்தனை பேர்? விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்காதே என்று அம்மம்மா சொன்னதை மட்டும் நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பின்னேரம் பிந்திப் படுக்கிற நித்திரை இரவு நித்திரையிலிருந்து கடன் வாங்குகிறது.

சீனி வருத்தம் வரும், பிரஷர் வரும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பகலில் படுப்பவர்களிடம் நீரிழிவும் இதயநோயும் கூடுதலாகக் காணப்படுகின்றன. எது எதைக் கொண்டுவந்தது என்பதுதான் சிக்கல். நோய் உள்ளே இருப்பதால் வருகிற களைப்பாகவும் அது இருக்கலாம். இரவில் குறட்டையோடு மூச்சுத் தடைப்படுகிறவர் பகலெல்லாம் தூங்கிவழிவார். முன்னர் இல்லாத பகல் நித்திரை புதிதாக வந்து, நீண்டுகொண்டும் போனால் வைத்தியரிடம் காட்டுங்கள். மறுபக்கத்தில், கிரேக்கத்தில் 23,681 பேரைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், மத்தியானம் ஒழுங்காகப் படுத்தவர்களிடம் மாரடைப்பு மரணம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கோழித் தூக்கம் போதும். 2006இல் அவுஸ்திரேலியாவில் 5, 10, 20, 30 நிமிடத் தூக்கங்களை ஒப்பிட்டபோது எழும்பின உடனேயே தெளிவைக் கொடுத்தது 10 நிமிடத் தூக்கம். 30 நிமிடம் படுத்தவர்கள் எழும்பிக் கொஞ்ச நேரம் மந்தமாக இருந்தார்கள்.

படுத்தால் வேலை கெடும் என்பதைச் சோதித்தது சென்னையில். 2021இல் வெளியான அந்த ஆய்வில் 452 பேர், வசதி குறைந்தவர்கள், கணினியில் தரவு பதியும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். இரவில் அவர்கள் உண்மையில் தூங்கியது சராசரி ஐந்தரை மணித்தியாலம். கண்மூடி, காதடைப்பான் எல்லாம் கொடுத்து இரவில் 27 நிமிடம் கூட்டியும் வேலையில் மாற்றமில்லை; கொசுவும் வெக்கையும் சத்தமும் உள்ள இரவில் கூடிய 27 நிமிடம் அவ்வளவுதான் செய்தது. அலுவலகத்தில் மத்தியானம் அரை மணித்தியாலம் படுக்க இடம் கொடுத்தபோது, சும்மா ஓய்வெடுத்தவர்களைவிட வேலைத்திறனும் கவனமும் மனநிலையும் உயர்ந்தன. ஆனால் அந்த அரை மணித்தியாலமும் வேலை செய்தவர்கள் அதிகம் உழைத்தார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. அதாவது நித்திரைக்கு விலை உண்டு. அதை யாரோ கொடுக்க வேண்டும்.

வன்னியில் அந்த விலையைக் கொடுக்க முடியாதவர்கள் அதிகம் பெண்கள். புளியமரத்தடியில் நான் எண்ணிய ஆறு பேரும் ஆண்கள். அவர்களுக்குச் சோறு அனுப்பியவர்கள் அந்நேரம் கோப்பை கழுவிக்கொண்டோ, அவித்த நெல்லைக் கிளறிக்கொண்டோ, 1.30க்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை ரியூசனுக்கு வெளிக்கிடுத்திக்கொண்டோ இருந்திருப்பார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற இளம்பெண்களுக்கு மத்தியானம் வீட்டில் நிற்கவும் வழியில்லை.

யப்பானில் ரயிலிலும் கூட்டத்திலும் இருந்தபடி நித்திரை கொள்வதற்கு இனெமுரி என்று பெயர். கடுமையாக உழைக்கிறவர் என்பதற்கு அது அடையாளம் என்று படத்தோடு நமக்குள் பகிர்கிறோம். ஏ9 வீதியில் மாலை தொழிற்சாலை பஸ் போகும்போது பார்த்தால், யன்னல் கம்பியில் தலை சாய்ந்தபடி வரிசை வரிசையாக நம்முடைய பிள்ளைகள். பரந்தன் சந்தி வந்தால் நடத்துனர் யாருடைய தோளையும் தட்டுவதில்லை, கூரைக் கம்பியை ஒரு காசால் மெல்லத் தட்டுகிறார். எத்தனை மணிக்கு எழும்பினவை என்று அவருக்குத் தெரியும். இருட்டோடு ஏற்றிப் போனவரும் அவர்தான்.